தாளிக்காத வீடு

கலியம்மாள் விடிவதற்கு முன் எழுந்தாள். வாசலில் சாணம் தெளித்தாள். கோலம் போடவில்லை, சாவு விழுந்த வீடு, இன்னும் வருஷம் திரும்பவில்லை. கொட்டகையில் சாணி வாரினாள். செவலைப் பசுவைக் கறந்தாள். பாலில் பாதிக்குத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, ஆற்றி, ஜெயாவுக்குச் சங்கில் புகட்டினாள். குழந்தை பாதியைக் குடித்தது, மீதியை அவள் தோளில் கக்கியது. தோளைத் துடைத்துக்கொண்டாள். கேழ்வரகு மாவைக் கரைத்துக் கூழ் கிண்டினாள். குழந்தையை ஒரு பக்கம், குடத்தை ஒரு பக்கம் இடுக்கிக்கொண்டு இரண்டு நடை தண்ணீர் கொண்டுவந்தாள். பகல் குழம்புக்குப் புளி ஊறப்போட்டாள்.

நான்கு மாதமாக இப்படித்தான் விடிகிறது. ஜெயா அவள் பெற்ற பிள்ளை இல்லை. அக்காள் ஆண்டாள் பெற்றது. ஆண்டாள் பங்குனியில் செத்துப்போனாள். மூன்றே நாள் காய்ச்சல்.

நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு அம்மா தாயாரம்மாள் திரும்பி வந்தாள். புருஷன் போய்ப் பத்து வருஷமாகச் செலியமேட்டில் இரண்டு காணி நிலத்தைத் தானே பார்த்துப் பயிர் வைக்கிறவள். காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே பேசினாள்.

“ஞாயித்துக்கெழம. மாப்புள வருவாரு. ஆவணில மொத முகூர்த்தம் நல்லா கீதுன்னு ஐயரு சொல்லிட்டாரு. இன்னிக்கி அவராண்ட பேசி முடிச்சிடணும்.”

கலியம்மாள் அடுப்பை ஊதினாள்.

“காதுல வுழுதாடி?”

“வுழுது.”

“அப்ப இன்னிக்காவது கொழம்புக்கு வடகம் போட்டுத் தாளி. நாலு மாசமா நீ வைக்கறது கொழம்பா? மாட்டுக்கு ஊத்தற கழனீரு.”

“வடகம் இல்ல.”

“பானை நெறைய கீது. போன வருஷம் சித்திரையில ஒங்க அக்கா இடிச்சி உருட்டிக் காய வச்சது. கண்ணு தெரியலியா ஒனக்கு?”

கலியம்மாள் ஊறிய புளியைக் கரைத்தாள். வடகப் பானை பரணில் எந்த மூலையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த மூலைப் பக்கம் அவள் முகத்தைத் திருப்புவதே இல்லை.

வெயில் ஏறியதும் மீன்காரி சின்னபொண்ணு வந்தாள். பனித்திட்டிலிருந்து கூடையோடு நடந்தே வருகிறவள். கூடையை இறக்கி வைத்துத் தலைச் சும்மாட்டை உதறினாள்.

“இன்னாடி கல்யாணப் பொண்ணு, மூஞ்சி ஏன் கருவாடு கணக்கா கீது?”

“நீ கொண்டாந்த மீனப் பாத்துதான்.”

“ஏன், மீனுக்கு இன்னா? இப்பத்தான் துள்ளிகினு இருந்திச்சி. ஒன் மூஞ்சியப் பாத்துட்டு உசிர வுட்டுட்டுது.” தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். பிறகு குரலைத் தணித்தாள். “சும்மா அழுதுகினு இருக்காத. ஆத்தாளே ஒங்க அக்கா வாயில வந்து சொன்ன வாக்கு. தங்கச்சிய அவருக்குக் குடுன்னு. தட்ட முடியுமா? மேரி ஆபீசுல உத்தியோகம் பாக்கற மாப்புள. குடுத்து வச்சவடி நீ.”

வௌவால் மீன் நான்கைத் தட்டில் போட்டுவிட்டுப் போனாள். ஊர் முழுக்க இதைத்தான் சொன்னது. கலியம்மாளும் ஒரு நாள்கூட மறுத்துப் பேசவில்லை. அம்மா முதல்முதலாகக் கேட்டபோது, “ஒன் இஷ்டம்மா” என்றாள். மறுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது அவள் எண்ணம். ஏன் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பங்குனியில் ஆண்டாள் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் கிணற்றடியிலிருந்து வந்தவள், தலை வெடிக்கிறது என்று படுத்தாள். ராத்திரியெல்லாம் வாந்தி. காலையில் கதவைத் திறந்தால் வெளிச்சம் கூசுகிறது என்று கத்தினாள். கழுத்து மரக்கட்டையாக விறைத்துக்கொண்டது. மத்தியானம் கையிலும் காலிலும் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள் எழும்பின. தாயாரம்மாள் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆத்தாள் வந்துவிட்டாள். அம்மை.

பிறகு வீடு ஆத்தாளின் வீடாகிவிட்டது. நிலைப்படியில் வேப்பிலை செருகினார்கள். மருந்து இல்லை, மஞ்சள் தண்ணீர்தான். வெளியாள் உள்ளே வரக் கூடாது. அடுப்பில் எண்ணெய் காயக் கூடாது. வறுக்கக் கூடாது. முக்கியமாகத் தாளிக்கக் கூடாது. தாளிக்கிற வீட்டில் ஆத்தாள் கோபித்துக்கொள்வாள், ஆளையும் கொண்டுபோய்விடுவாள். இது அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆண்டாளின் புருஷன் மணவாளன் பாகூரிலிருந்து சைக்கிளில் வந்தான். வண்டி கட்டிப் புதுச்சேரிக்குக் கொண்டுபோகலாம் என்றான். ஆத்தாளை வண்டியில் ஏற்றுவதா என்று தாயாரம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஊர் ஊராகச் சுற்றி வந்த ஆள் என்று அவனையே படி ஏற விடவில்லை. அவன் இரண்டு ராத்திரி வைக்கோல் போரடியில் கிடந்தான்.

மூன்றாம் நாள் காலை ஆண்டாள் அசந்து தூங்குவது போலத் தெரிந்தது. “பாத்துக்கடி, குளத்துல முழுகிட்டுக் கோயில் தீர்த்தம் வாங்கிகினு வரேன்” என்று அம்மா போனாள். கலியம்மாளுக்குப் பதினேழு வயது. இரண்டு நாளாக உப்புப் போட்ட கூழைத் தவிர எதுவும் வயிற்றில் போகவில்லை. அக்காள் பிழைத்துக்கொண்டாள் என்றும் தோன்றிவிட்டது. பின்கட்டில் தனியாக இருக்கும் சமையல் கொட்டகைக்குப் போனாள். ஒரு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. அதை அப்படியே சாப்பிட்டிருக்கலாம். கை பழக்கத்தில் இரும்புக் கரண்டியை அடுப்பில் காட்டி, எண்ணெய் விட்டு, வடகத்தைக் கிள்ளிப் போட்டாள். சுர்ரென்று பொரிந்து வாசனை கொட்டகையைத் தாண்டிப் போனது. அப்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கரண்டியை மண்ணில் புதைத்தாள். முந்தானையால் காற்றை விரட்டினாள். வாசனை போகவில்லை.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. கடைசி மூச்சில் ஆத்தாள் மகள் வாயில் வந்து வாக்குச் சொன்னதாக அம்மா பிறகு ஊருக்கெல்லாம் சொன்னாள்.

குழம்பை அவள் சாப்பிடவில்லை. எருக்குழியில் கொட்டினாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவள் கையால் தாளிப்பு இல்லை. அக்காளைக் கொன்றவள், அக்காள் புருஷனுக்கும் பிள்ளைக்கும் உழைத்துக் கழிக்கட்டும். ஆத்தாளே வழி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். இப்படித்தான் அவள் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஆனாலும் ஆவணி என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் எழுந்து கொட்டகைப் பக்கம் போய்விடுவாள். மணவாளன் பெண் பார்க்க வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவன் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து பாகூர் ஏரிக்கரை வரை போய்வந்தவள். மாமா என்று கூப்பிட்டுப் பென்சில் கேட்டவள். அவனைப் புருஷன் என்று நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் அக்காளின் இடத்தில் திருட்டுத்தனமாகப் படுத்தது போல் உடம்பு கூசியது.

மணவாளன் பதினோரு மணிக்கு வந்தான். இருபத்தெட்டு வயது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து முடித்து, பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரன் நகராட்சி ஆபீசில், பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிற வேலை. பெண்சாதியின் சாவையும் அந்தப் பதிவேட்டில் அவன் கையால்தான் எழுதினான். அதற்கு முன்பே அதிகம் பேசாதவன். பிறகு பேச்சு சுத்தமாகக் குறைந்துபோனது. சைக்கிளைப் பூவரச மரத்தில் சாய்த்தான். குழந்தையை வாங்கிக்கொண்டான். அது அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தது.

“வாங்க மாப்புள. மொதல்ல சாப்புடுங்க. அப்புறம் பேசிக்கலாம்” என்றாள் தாயாரம்மாள், கதவோரம் ஒதுங்கி நின்றபடி.

இலை போட்டார்கள். கலியம்மாள் சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினாள். அவன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய். பிறகு கையை இலையிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“தாளிக்கலியா?”

கலியம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்துவிட்டாள்.

“அத ஏன் கேக்கறீங்க” என்றாள் தாயாரம்மாள். “நாலு மாசமா இப்படித்தான். கேட்டா வடகம் இல்லன்றா. பானை நெறைய கீது.”

“நாலு மாசமாவா?” மணவாளன் கொழுந்தியாளின் முகத்தைப் பார்த்தான். “ஏன் கலியம்மா?”

நான்கு மாதம் அவளை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஏசினார்கள், சிரித்தார்கள், கேட்கவில்லை. கேட்டதும் அவளால் தாங்க முடியவில்லை.

“நான் தாளிச்சிதான் மாமா அக்கா செத்துப்போச்சி.”

“இன்னாடி ஒளர்ற?” என்று தாயாரம்மாள் கதவு மறைவை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

கலியம்மாள் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரிக்காய், கரண்டி, வடகம், மண்ணில் புதைத்தது. தாயாரம்மாள் கை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

“அடிப்பாவி! ஆத்தா இருக்கற வூட்டுல எண்ணெய் காய வச்சியா? எம் பொண்ண நீ வாயில போட்டுகினு—”

“அத்த, உக்காருங்க.” மணவாளன் எச்சில் கையோடு எழுந்து குறுக்கே நின்றான். “அது ஆத்தா இல்ல.”

“இன்னாது?”

“அம்மையே இல்ல. அம்மைன்னு நம்ம ஊர்லேந்து சேதி போனதும் மறு வாரமே பிரெஞ்சு டாக்டர் முசே மேரிக்கி வந்தாரு. என்னத்தான் கூப்புட்டு விசாரிச்சாரு. வெளிச்சம் கூசிச்சா, கழுத்து வெறச்சிதா, முத்து நீர் கோத்துச்சா இல்ல ரத்தப்புள்ளி கணக்கா தட்டையா இருந்துச்சான்னு. எல்லாம் சொன்னேன். மூளையச் சுத்தி ஒரு சவ்வு கீதாம். அதுல வர்ற காய்ச்சல் இது. அந்தப் புள்ளியும் அதாலதான்.”

தாயாரம்மாள் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

“அப்ப... அப்ப நீங்க சொன்னாப்பல அன்னிக்கே வண்டி கட்டியிருந்தா?”

“அதையும் கேட்டேன். கொண்டாந்து இருந்தாலும் எங்க ஆஸ்பத்திரிக் கட்டில்ல செத்திருக்கும், எங்களாண்டையும் இதுக்கு மருந்து இல்லன்னாரு. மூணு மொற கேட்டேன். மூணு மொறையும் அதேதான் சொன்னாரு.”

“இத ஏன் மாப்புள இத்தினி நாளு சொல்லல?”

“சொன்னா, ஆத்தான்னு ஏமாந்துட்டீங்கன்னு ஒங்களக் குத்திக் காட்டற மாதிரி இருக்கும். போன உசிரு திரும்பவா போவுது.” கலியம்மாள் பக்கம் திரும்பினான். “இவ இதச் சொமந்துகினு இருக்கறது எனக்குத் தெரியாது.”

கலியம்மாள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. தலையில் நாள் முழுக்கச் சுமந்த புல்லுக்கட்டை இறக்கினால் கழுத்து தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது.

“இன்னொண்ணும் கீது அத்த” என்றான் மணவாளன். “ஆத்தாவாவே இருந்தாலும் குத்தம் பண்ணது இவ மட்டும் இல்ல. நானும் உள்ள போனேன்.”

“எப்ப?”

“நீங்க குளத்துக்குப் போனப்ப. குளிக்கல. கால்ல செருப்பு. ரெண்டு நாள் அழுக்கு. அப்படியே போயி பக்கத்துல உக்காந்தேன். ஆண்டா கண்ணத் தெறந்து என்னப் பாத்தா. பேசினா. நல்லா, தெளிவா பேசினா. அப்புறம் கண்ண மூடிக்கினா. தூங்கறா, பொழச்சிக்கினான்னு நெனச்சேன். நீங்க வர்றது தெரிஞ்சிது. உள்ள பாத்தா சண்ட வருமேன்னு வைக்கப்போருக்குப் போயிட்டேன்.” அவன் மாமியாரின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “நீங்க உள்ள காலு வச்சதும் கத்தினீங்க. அவ அந்த வாக்கு சொல்றதுக்கு நேரமே இல்ல அத்த.”

குழந்தை பேனாவைக் கீழே போட்டுவிட்டு இலையோரம் இருந்த சோற்றைப் பிடித்து இழுத்தது. தாயாரம்மாள் குனிந்து அதன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“சொல்லல” என்றாள் கடைசியில். “நான் உள்ள வரும்போதே சில்லிட்டுக் கெடந்தா. நான்தான் சொன்னேன். நீங்க நாளைக்கி வேற எடத்துல கட்டிகினு பிள்ளயத் தூக்கிகினு போயிட்டா, அவ மூஞ்சியப் பாக்க எனக்கு வேற இன்னா கீது? நான் கேட்டா நீங்க மாட்டேன்னு சொல்லிடலாம். அத்தொட்டு ஆத்தா மேல பாரத்தப் போட்டேன். ஆத்தா சொன்னா எவன் எதுத்துப் பேசுவான்?”

“நீ பண்ணது மட்டும் குத்தம் இல்லியாம்மா?” என்றாள் கலியம்மாள்.

“குத்தம்தான்டி. நான் தாளிக்காத குத்தமா? பெருசாவே தாளிச்சிட்டேன்.”

இதைச் சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியில் அழுகையானது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான்கு மாதமாக ஒப்பாரி வைத்தவள்தான். ஆனால் இப்படி, மூச்சை வெளியே விடுகிற மாதிரி, அழுதது இதுதான் முதல் தடவை.

மணவாளன் கொழுந்தியாளைப் பார்த்தான்.

“நேரா கேக்கறேன். ஒனக்கு இஷ்டமா?”

“இல்ல மாமா.”

அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு சத்தமாக வந்த பதிலைக் கேட்டுக் குழந்தைகூடத் திரும்பியது.

“எனக்கும் இல்ல. ஒன் மூஞ்சில அவ மூக்கு கீது. தெனம் எதுக்கப் பாத்துகினு என்னால குடித்தனம் பண்ண ஆவாது. நீ சம்மதிச்சிட்டேன்னு சொன்னாங்க. அத்தொட்டு வாயத் தெறக்கல.” மாமியார் பக்கம் திரும்பினான். “ஜெயா இங்கியே வளரட்டும். ஞாயித்துக்கெழம தவறாம வரேன். என்னிக்காவது நான் வேற எடத்துல கட்டிக்கினாலும் ஒங்களக் கேக்காம தூக்கிகினு போவ மாட்டேன்.”

“எழுதித் தர்றீங்களா மாப்புள?” தாயாரம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டாள். “மேரிலதான கீறீங்க. முத்திர குத்தித் தாங்க.”

“பிரெஞ்சுலதான் எழுத முடியும். ஒங்களுக்குப் படிக்க வராது.”

“அப்ப வேணாம். நீங்க அதுல இன்னா எழுதினீங்களோன்னு எனக்கு ராத்தூக்கம் போயிடும்.”

மணவாளன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். கலியம்மாளுக்கு அது புதிதாகவும் பழையதாகவும் இருந்தது. பென்சில் வாங்கித் தந்த மாமா இந்த ஆள்தான்.

“ஊருக்கு இன்னாம்மா சொல்லுவ? சின்னபொண்ணு நாளைக்கே கேப்பா.”

“ஆத்தா மறுபடியும் கனாவுல வந்து வேணாம்னுட்டான்னு சொல்றேன் போ.”

“அம்மா!”

“சரி சரி. இனிமே ஆத்தாள இழுக்கல. மாப்புளைக்கு இஷ்டம் இல்லன்றேன். மெய்தான அது?”

மணவாளன் மறுபடி இலையில் உட்கார்ந்தான். சோறு ஆறிப்போயிருந்தது. கலியம்மாள் குழம்புச் சட்டியைத் தூக்கினாள், ஊற்றவில்லை, கீழே வைத்தாள். இத்தனை பேச்சிலும் ஒன்று மட்டும் பாக்கி நின்றுவிட்டது என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

“மாமா. அக்கா ஒங்களாண்ட பேசிச்சின்னீங்களே. இன்னா சொல்லிச்சி?”

அவன் இலையைப் பார்த்தான். ஓரத்தில் வழிந்திருந்த குழம்பை ஒரு விரலால் உள்ளே தள்ளினான்.

“மொதல்ல தாளிச்சிக் கொண்டா. அப்புறம் சொல்றேன்.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

கலியம்மாள் பரணில் ஏறினாள். பானையின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அக்காள் உருட்டிய உருண்டைகள். சிலவற்றில் அவள் விரல்கள் அழுந்திய பள்ளம் காய்ந்தபடியே இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கரண்டியில் எண்ணெய் விட்டு அடுப்பில் காட்டினாள். தாளிப்பது என்றால் ஆண்டாளுக்குத் தங்கையிடம் எப்போதும் ஒரு குறை உண்டு. எண்ணெய் புகைந்த பிறகுதான் இவள் வடகத்தைப் போடுவாள், போட்டதும் கருகும். “கைய வச்சிகினு கனா காணாதடி” என்று தலையில் குட்டுவாள். அன்றைக்கும் கருகித்தான் போனது. இன்றைக்குப் புகைவதற்கு முன்னாலேயே உதிர்த்துப் போட்டாள். கடுகு வெடித்தது, வெங்காயமும் பூண்டும் சிவந்தன. கரண்டியோடு கொண்டுவந்து குழம்பில் கவிழ்த்தாள்.

சொய்யென்ற சத்தத்தோடு வாசனை எழும்பி வீடு முழுக்க நிறைந்தது. கூடத்தில், ஆண்டாள் படுத்துக் கிடந்த அறையில், வாசலில். ஜெயா அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டது. தாயாரம்மாள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

கலியம்மாள் இரண்டு கரண்டி ஊற்றினாள். மணவாளன் பிசைந்து சாப்பிட்டான். விழுங்கினான். அவள் கரண்டியைப் பிடித்தபடி அவன் எதிரிலேயே குந்தியிருந்தாள்.

“நான் பக்கத்துல உக்காந்தப்ப இதே வாசன வந்திச்சி” என்றான். “அதுலதான் கண்ணத் தெறந்தா. மூக்க இழுத்து இழுத்துப் பாத்தா. லேசா சிரிச்சா. என் கையப் புடிச்சிகினு சொன்னா: ‘கலியம்மா வடகத்தத் தீச்சிட்டா பாருங்க, கழுத. பரவால்ல, எனக்கும் ரெண்டு கரண்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க.’”